ஒரு வாரம், கையில் 6000 ரூபாய்: பாளையிலிருந்து எங்கே போகலாம்?

சுங்கைப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். பொங்கலுக்கு விடுதியில் மெஸ்ஸை மட்டும் ஒரு வாரம் மூடுகிறார்கள். உள்ளூர் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் மட்டக்களப்பிலிருந்து வந்து படிக்கும் தோழி ஒருத்தியும்தான் பாக்கி. போன வருடம் இதே வாரம் முழுக்க அறையில் மேகி வேகவைத்துத் தின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வருடம் அப்படி இருக்கக் கூடாது என்று சபதம்.

பட்டியல் போட்டுவிட்டேன்: கன்னியாகுமரி, ராமேஸ்வரம், மதுரை, கொடைக்கானல், குற்றாலம், மாஞ்சோலை, திருச்செந்தூர். ஏழு நாள், ஏழு இடம். இரண்டு பேருக்கும் சேர்த்து 6000 ரூபாய். முடியுமா? இரண்டு பெண்கள் தனியாகப் போனால் தொல்லை இருக்குமா?

இன்னொரு விஷயம். என் பாட்டியின் அப்பா இந்தப் பக்கத்து ஆள். 1938இல் இங்கிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினார்களே, அதற்குக் கொஞ்சம் முன்னால் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். பால்மரம் வெட்டியே காலம் போய்விட்டது, ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. ஊர்ப் பெயர் முக்கூடல் என்றும், அங்கே சின்ன ஆறு வந்து பெரிய ஆற்றில் சேரும் என்றும் சொல்வாராம். வீட்டில் ஒரு காகிதமும் கிடையாது. வரைபடத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு முக்கூடல் காட்டுகிறது. அதுதானா?

பழைய கண்டக்டர்:

தாயி, பேத்தி வயசு என்பதால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் 31 வருஷம் விசில் ஊதியவன். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று பேர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 1997இல் தலைவர்கள் பேரையெல்லாம் எடுத்துவிட்டார்கள், ஜனங்கள் அப்புறமும் கட்டபொம்மன் பஸ் என்றுதான் கைகாட்டி நிறுத்தினார்கள். பாதிக் காலம் பாபநாசம் ரூட், மீதிக் காலம் திருச்செந்தூர் ரூட். அதனால் நான் சொல்வதில் அந்த இரண்டு ரூட்டின் வாடை அடிக்கத்தான் செய்யும்.

உன் பட்டியலைப் பார்த்தேன். அது ஊர் பார்க்கிறது இல்லை, செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலை. ஏறுவார், டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பார், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார். அந்த வண்டி எங்கே போகிறது என்பதுகூட அவருக்கு வேண்டாம். ஏழு நாளில் நாலு நாள் நீ ஜன்னல் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஆற்றைப் பிடித்துக்கொள். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர, சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை மலை முதல் கடல் வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா. முதல் நாள் மேற்கே தலைமாட்டுக்குப் போய்விடு, மறுநாளிலிருந்து தண்ணீரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வா. பாளை நடுவில் இருக்கிறது, தினமும் ராத்திரி விடுதிக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கண்டால் லாட்ஜில் சி பாரம் நிரப்ப வேண்டும், நகல் கேட்பார்கள், அந்தத் தலைவலியும் இல்லை. காசைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. முகப்பில் பிங்க் நிறம் அடித்திருக்கும். எந்த நாட்டுப் பெண் என்று கண்டக்டர் கேட்கப்போவதில்லை. புறநகர் வண்டிக்கு மட்டும் காசு கொடு.

உட்காரும் இடம் முக்கியம். காலையில் மேற்கே பாபநாசம் போகும்போது வலப்பக்கம் உட்கார். கிழக்கே திருச்செந்தூர் போகும்போது இடப்பக்கம். தை மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து வரும், அதனால் அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. ஆறும் வயலும் வாழையும் அந்தப் பக்கம்தான். இதைச் சொல்லித்தர எனக்கு யாரும் இல்லை, நின்றுகொண்டே கற்றுக்கொண்டேன்.

பாபநாசத்தில் முதலில் கோயில் படித்துறையில் காலை நனைத்துவிட்டு அகஸ்தியர் அருவிக்குப் போ. குற்றாலம் ஜனவரியில் சில வருஷம் பாறையாக நிற்கும். இங்கே கோடையிலும் தண்ணீர் விழும். வனத்துறைச் செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக்கோ சோப்போ கொண்டுபோகாதே. குரங்கு இருக்கிறது. பழம் இருந்தால் கையில் வைத்திருக்காதே, வயிற்றுக்குள் வை. சித்த மருத்துவம் படிக்கிறாய் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அகத்தியர் மலைக்கு வந்துவிட்டோம் என்று ஒரு இலையைக்கூடக் கிள்ளாதே. 1988இலிருந்து அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பார், மோந்து பார், விட்டுவிடு. மாஞ்சோலைக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், பொங்கல் வாரத்தில் அலைய வேண்டாம்.

அம்பை, கல்லிடைக்குறிச்சியை ஒரு நாளில் முடி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கு. பொரிக்க இடம் இல்லையென்றாலும் வாங்கு, ஊருக்கு அனுப்பலாம்.

அதற்குக் கிழக்கே பத்தமடை. அங்கே அவசரப்படாதே. ஆற்றங்கரைக் கோரையை வெட்டிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அப்புறம் நூல் மாதிரிக் கிழித்து நெய்கிற பாய். பட்டுப்பாய் என்பார்கள், மடித்தால் துணி மாதிரி மடியும். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேரை நெய்தே கொடுப்பார்கள். நல்ல பாய் உன் 6000 ரூபாய்க்கு அடங்காது, பார்த்துவிட்டுச் சின்னதாக ஒரு தடுக்கு வாங்கிக்கொள். உனக்கு அங்கே வேறு உறவும் உண்டு. ரிஷிகேஷில் ஆசிரமம் வைத்த சுவாமி சிவானந்தர் 1887இல் அந்த ஊரில் பிறந்தவர். சாமியார் ஆவதற்கு முன்னால் உங்கள் மலாயாவில் 1913இலிருந்து பத்து வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர். ஆக, மருத்துவம் செய்ய இங்கிருந்து அங்கே போனவர் ஒருவர், மருத்துவம் படிக்க அங்கிருந்து இங்கே வந்தவள் ஒருத்தி.

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில், இசைத்தூண், சாயங்காலம் அல்வா. இதெல்லாம் உன் தோழிகள் ஏற்கெனவே காட்டியிருப்பார்கள். அல்வாவை வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கி நின்றபடியே தின்றுவிட வேண்டும், கட்டி வாங்கிப்போனால் அது வேறு பண்டம். திரும்பும்போது பஸ் ஏறாமல் சுலோச்சன முதலியார் பாலத்தில் நடந்து வா. 1843இல் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த அந்த மனுஷன் சொந்தக் காசைப் போட்டுக் கட்டிய பாலம். கொக்கிரகுளம் பக்கம் இறங்கும்போது கொஞ்ச நேரம் நில். 1999 ஜூலை 23ஆம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் ஜனம் ஆற்றுக்குள் ஓடி, 17 பேர் செத்துப்போனார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில் உண்டு. நீ தோட்டத்துக் குடும்பம் என்பதால் சொல்கிறேன்.

கிழக்கு ரூட்டை நான் சொல்வதைவிட இங்கே ஒரு டீச்சர் இருக்கிறார், அவர் சொன்னால் நல்லது. நான் இரண்டை மட்டும் சொல்கிறேன். தை மாதம் திருச்செந்தூர் ரோட்டில் பச்சை வேட்டி கட்டிப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம் இருக்கும், வண்டி ஊர்ந்துதான் போகும், பொறுத்துக்கொள். இரண்டாவது, திருச்செந்தூரோடு நிறுத்திவிடாதே. ஆறு அங்கே சேரவில்லை. ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் போ. போகிற வழியில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் பார்க்கலாம்.

பாட்டன் ஊர் விஷயம் கொஞ்சம் சிக்கல். முக்கூடல் என்று நம்மிடம் இரண்டு உண்டு. நீ வரைபடத்தில் பார்த்தது பீடி சுற்றுகிற முக்கூடல், மேற்கே. இன்னொன்று கிழக்கே சீவலப்பேரியில் ஆறுகள் சேருகிற இடம். பாட்டன் ‘சின்ன ஆறு’ என்றா சொன்னார்? பாட்டியிடம் மறுபடி கேள், அதே வார்த்தையைக் கேள்.

முக்கூடல்காரன்:

கண்டக்டர் அண்ணாச்சி எதையும் சிக்கலாக்காமல் விடமாட்டார். முக்கூடல் என்றால் பஸ் போர்டில் எழுதியிருக்கிற முக்கூடல்தான், எங்கள் ஊர்தான். அந்தக் காலத்தில் வயித்துப்பாட்டுக்கு இங்கிருந்தும் கடல் கடந்து போனவர்கள் உண்டு. நீங்க தாராளமா வாங்க.

முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கையைப் பார்க்காமலே பீடி சுற்றுகிற பெண்களை எங்கள் தெருவில் வரிசையாகப் பார்க்கலாம். பேச்சு ஒரு பக்கம் ஓடும், இலை ஒரு பக்கம் சுருளும். அங்கிருந்து ஆட்டோவில் திருப்புடைமருதூர் போய்விடுங்க. நாறும்பூநாதர் கோயில், கோபுரத்துக்குள்ளே நிலை நிலையாக ஓவியமும் மரச் சிற்பமும் இருக்கிறது. ஜனவரியில் மருதமரத்தில் கொக்கும் நாரையும் அடைந்திருக்கும். ஊர்க்காரர்களே காவல், ஒருத்தரும் கல் எறிய மாட்டார்கள். மரத்தடியில் நின்றால் தலையில் என்ன விழும் என்று சொல்ல வேண்டியதில்லை, குடை எடுத்துக்கோங்க.

தொல்லை பற்றிக் கேட்டீங்க. இருட்டுவதற்கு முன்னால் பஸ் ஏறிவிடுங்க, பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்காருங்க. வேறு ஒன்றும் இல்லை. ‘யார் வீட்டுப் பிள்ளைகள், எந்த ஊரு’ என்று நூறு பேர் கேட்பார்கள், அதைத்தான் தொல்லை என்று சொல்லணும்.

பாளை டீச்சர்:

என்னை இழுத்துவிட்டதால் எழுதுகிறேன். கிழக்கே போகும்போது முதல் நிறுத்தம் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் குறவன், குறத்தி, வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன் என்று ஆள் உயரச் சிற்பங்கள், நாயக்கர் காலத்து வேலை. விரல் நகத்தையும் நரம்பையும் பாருங்கள், மருத்துவம் படிக்கிறவர்களுக்கு நன்றாகப் புரியும்.

அடுத்து ஆதிச்சநல்லூர். ரோட்டோரம் வெறும் செம்மண் மேடுதான், ஊரார் பரம்பு என்பார்கள். நான் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது ‘டீச்சர், ஒண்ணுமே இல்லியே’ என்றார்கள். காலுக்குக் கீழே முழுக்க, செத்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத் தாழிகள். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போய்விட்டது. அப்புறம் 1899இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டியது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். கடைசியாகத் தோண்டிய குழியில் மட்டும் தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். எடுத்துப் போகாமல் விட்டது அது ஒன்றுதான், அதையாவது பார்த்துவிடுங்கள்.

எனக்கு இன்னொரு ஆசை: இடையன்குடிக்கும் போக வேண்டும். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் தேரிக்காட்டுப் பக்கத்து அந்த ஊரில்தான் ஊழியம் செய்தார். அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கமும் ஆகியிருக்கிறார். ஆனால் அது ஆற்றுப்பாதையில் இல்லை. கண்டக்டர் ஐயா விசில் அடித்து இறக்கிவிடுவார்.

முக்கூடல் விஷயத்தில் நான் ஐயா பக்கம். முக்கூடற்பள்ளு எழுந்தது சீவலப்பேரி முக்கூடலை வைத்துத்தான். நெல்லின் பெயரும் மீனின் பெயரும் அதில் வரிசையாக வரும். மேற்கு முக்கூடல்காரர்கள் கோபப்படக் கூடாது.

சுங்கைப் பெண்:

நேற்று ராத்திரி பாட்டிக்கு அழைத்தேன். இந்த முறை ‘அப்பா சொன்ன மாதிரியே சொல்லுங்க’ என்றேன். ‘சித்தாறு வந்து விழும்னு சொல்வாரு’ என்றார். சித்தாறு என்றால் சின்ன ஆறுதானே பாட்டி என்றேன். ‘எனக்கென்ன தெரியும், சித்தாறுன்னுதான் சொல்வாரு’ என்கிறார். இத்தனை வருடமும் நாங்கள்தான் அதைச் சின்ன ஆறு என்று நினைத்துக்கொண்டிருந்தோம் போல. ஐயா, சித்தாறு என்று ஓர் ஆறே இருக்கிறதா?

பழைய கண்டக்டர்:

இருக்கிறது தாயி. குற்றாலத்தில் அருவியாக விழுகிற தண்ணீர்தான் சித்தாறாக ஓடி வருகிறது. தென்காசியைத் தாண்டி, கங்கைகொண்டானைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேரும். குற்றாலம் போக முடியவில்லையே என்று வருத்தப்படாதே, குற்றாலமே உன் பாட்டன் ஊருக்கு வந்து சேருகிறது. பாளையிலிருந்து டவுன் பஸ். பொங்கலையொட்டி வரும் கரிநாள் அன்றைக்குப் போ, ஆற்றங்கரை முழுக்கச் சோறு கட்டிக்கொண்டு வந்த குடும்பமாக இருக்கும்.

சுங்கைப் பெண்:

திரும்பி வந்துவிட்டோம். விடுதி மெஸ் இன்று திறந்தது, உப்புமா.

எல்லாவற்றையும் எழுத முடியாது. அகஸ்தியர் அருவியில் தோழியின் கொய்யாப்பழத்தைக் குரங்கு பிடுங்கியது, ஐயா சொன்னதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். திருப்புடைமருதூரில் குடை எடுத்துப்போகாததன் பலனும் கிடைத்தது. பத்தமடையில் ஓர் அம்மா தறியை நிறுத்தாமலே எங்களோடு ஒரு மணி நேரம் பேசினார். மலேசியா என்றதும், அவர் மச்சினர் கிள்ளானில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் இருந்தாராம். தடுக்கு வாங்கினோம், பேரம் பேச வாய் வரவில்லை.

சீவலப்பேரிக்குக் கரிநாள் காலையில் போனோம். நான் கற்பனை செய்து வைத்திருந்த மாதிரி இல்லை. சித்தாறு அகலமாக, ஆழம் இல்லாமல், கொஞ்சம் கலங்கி வருகிறது. பெரிய ஆறு அதைவிடத் தெளிவு. சேருகிற இடத்தில் கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே ஓடுகிறது, அப்புறம் எது எது என்று தெரியவில்லை. ஒரு குடும்பம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கூட்டாஞ்சோறும் அவித்த பனங்கிழங்கும் கொடுத்தது. பனங்கிழங்கை நார் உரிக்கத் தெரியாமல் அப்படியே கடித்தேன், அந்த வீட்டுக் குழந்தைகள் சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. பக்கத்தில் சின்னப் பெண்கள் சிறுவீட்டுப் பொங்கல் என்று சொல்லி, பூசணிப்பூ காய்ந்த எருத்தட்டுகளை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். சுங்கை சிப்புட்டில் எங்கள் பாட்டி மார்கழியில் வாசலில் சாணி உருண்டையில் செம்பருத்திப்பூ வைப்பார். ஏன் என்று கேட்டால் ‘அப்பா வைக்கச் சொல்வாரு’ என்பார். அங்கே பூசணிப்பூ கிடைக்கவில்லையாம்.

பாட்டன் பெயரைச் சொல்லி இரண்டு வயதானவர்களிடம் கேட்டோம். தெரியவில்லை. ‘எந்தத் தெரு’ என்று கேட்டார்கள், அது எங்களுக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே பாட்டிக்கு வீடியோவில் ஆற்றைக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘கெண்டை பிடிக்கிறாங்களான்னு பாரு’ என்றார்.

டீச்சர் சொன்ன கண்ணாடியையும் பார்த்தோம். இடையன்குடிக்கு அடுத்த விடுமுறை. முக்கூடல் அண்ணா, உங்கள் தெருவில் டீ குடித்தோம், காசு வாங்கவில்லை.

பழைய கண்டக்டர்:

எல்லாம் எழுதினாய், புன்னைக்காயல் போனாயா இல்லையா என்று எழுதவில்லையே. திருச்செந்தூரிலேயே இறங்கிவிட்டாயா?

சுங்கைப் பெண்:

திருச்செந்தூரில் பாதயாத்திரைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் போய்விட்டது ஐயா. ஆத்தூரில் வெற்றிலை மட்டும் வாங்கினோம்.

பழைய கண்டக்டர்:

அப்படியென்றால் நீ எடுத்த டிக்கெட்டில் இன்னும் ஒரு ஸ்டேஜ் பாக்கி.